டையான் பாசி அம்மையார்

அமெரிக்க நாட்டிலே 1932-ஆம் ஆண்டு பிறந்த டையான் பாசி அம்மையார், 1967-இல் ருவாண்டா நாட்டு மலைக்காட்டில் ஆராய்ச்சிக் குடில் அமைத்து, அருகிவந்த மலைக் கொரில்லாக்களிடையே வாழலானார். அவற்றின் ஒலியையும் செயலையும் தாமே நடித்துக் காட்டி அவற்றின் அச்சம் போக்கினார், பெயரும் இட்டார். விரல் கோணிய ஒன்றனை, விரல் எனப் பொருள்படும் டிஜிட் என்னும் பெயரால் அழைத்தார்.

1977-ஆம் ஆண்டின் இறுதி நாளில், தன் கூட்டம் தப்பிச் செல்லும்வரை வேட்டைக்காரரை எதிர்த்து நின்று டிஜிட் மாண்டது. மகவை இழந்தாற்போல் வருந்திய அம்மையார், மறு ஆண்டிலேயே அதன் பெயரால் ஓர் அறநிதி தொடங்கினார். வேட்டைக்காரரை அவர் ஒறுத்த முறை எல்லாம் அறத்தொடு பட்டதன்று. 1985-இல் தம் குடிலிலேயே கொலையுண்ட அவர், டிஜிட்டின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

அந்நிதியம் இன்று அவர் பெயரால் இயங்குகிறது. அதற்குப் பொருள் உதவுவோர் ஒரு கொரில்லாவைப் பெயரளவில் தத்தெடுத்து, நண்பர்க்குப் பரிசாகவும் அளிக்கலாம். கைக்கு வருவது சான்றிதழே. கொரில்லா தன் காட்டிலேயே இருக்கும்.