58 வயதில் விமானத் தொழிற்சாலை: அறிமுகங்களை முதலாக்கிய வால்சந்த் ஹிராசந்த்

பெங்களூரு: இந்தியாவின் முதல் விமானத் தொழிற்சாலையை அமைப்பதற்கான நிறுவனம் 1940ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி பெங்களூருவில் பதிவு செய்யப்பட்டது. அதைத் தோற்றுவித்த தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்துக்கு அப்போது வயது 58. விமானத் தொழிலில் அவருக்கு எந்த முன் அனுபவமும் இல்லை. பயணத்தில் கிடைத்த ஓர் அறிமுகத்தையும் பல ஆண்டுகளாகப் பேணிவந்த தொடர்புகளையும் நம்பியே அவர் இம்முயற்சியில் இறங்கினார். எச்.ஏ.எல் என்று இன்று அறியப்படும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் தொடக்கம் இதுவே.

ரயிலில் கிடைத்த கப்பல்

வால்சந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி சோலாப்பூரில் பிறந்தார். பருத்தி வணிகமும் வட்டித் தொழிலும் செய்துவந்த சமணக் குடும்பம் அது. குடும்பத் தொழிலில் மனம் ஒட்டாத அவர், ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றிய லட்சுமண்ராவ் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில் பாதை ஒப்பந்தப் பணிகளை எடுத்தார். ரயில்வேயின் நடைமுறைகளை அறிந்தவர் பாடக். முதலீடு திரட்டக்கூடியவர் வால்சந்த். தம்மிடம் இல்லாத திறனை உடையவரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் இந்த வழக்கம் அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1919ஆம் ஆண்டு டெல்லியிலிருந்து மும்பை திரும்பும் ரயிலில் அவருடன் பயணித்த ஆங்கிலேயர் ஒருவர், குவாலியர் மகாராஜாவுக்குச் சொந்தமான கப்பல் ஒன்றைப் பார்வையிடச் செல்வதாகக் கூறினார். முதல் உலகப் போரில் மருத்துவமனைக் கப்பலாகப் பயன்பட்ட 'லாயல்டி' என்னும் கப்பல் அது. மும்பை வந்து சேர்ந்த வால்சந்த், நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த் உள்ளிட்ட நண்பர்களைத் திரட்டி அக்கப்பலை வாங்கினார். சிந்தியா கப்பல் நிறுவனம் இவ்வாறு உருவானது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி அக்கப்பல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாளே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிரிட்டிஷ் கப்பல் நிறுவனங்களுடன் அடுத்து வந்த ஆண்டுகளில் நிகழ்ந்த கடும் போட்டி, வால்சந்தை ஆங்கிலேய ஆட்சியாளர்களின் பார்வையில் வேண்டாதவராக ஆக்கியது. அரசின் கதவு அவருக்கு எளிதில் திறக்கவில்லை. ஆகவே வேறு வழிகளை அவர் நாட வேண்டியிருந்தது.

பசிபிக் பெருங்கடலுக்கு மேல்

மோட்டார் கார் தொழிற்சாலை தொடங்கும் முயற்சி தொடர்பாக 1939ஆம் ஆண்டு வால்சந்த் அமெரிக்கா சென்றிருந்தார். திரும்பும்போது சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹாங்காங் செல்லும் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் கடல் விமானத்தில் ஏறினார். ஹவாய், மிட்வே, வேக், குவாம், மணிலா எனத் தீவு தீவாக இறங்கி, இரவுகளில் தங்கிச் செல்லும் பல நாள் பயணம் அது. பயணிகளும் சிலரே.

அவர்களில் ஒருவர் வில்லியம் டக்ளஸ் பாலி. இன்டர்கான்டினென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவரான அவர், சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திவந்தார். விமானம் கட்டத் தேவையான இயந்திரங்கள், பொறியாளர்கள், உதிரிப் பாகங்கள் ஆகியவற்றை எங்கிருந்து பெறுவது என்பதை அறிந்தவர். ஏறத்தாழ 57 வயதாகியிருந்த வால்சந்த், சீனாவில் இயலும் ஒன்று இந்தியாவிலும் இயலும் என்ற முடிவுக்கு வந்தார். உரையாடலோடு நிறுத்திக்கொள்ளாமல், அறிமுகத்தைக் கடிதங்கள் மூலம் தொடர்ந்து, பாலியை இந்தியாவுக்கு வரவழைத்தார்.

இந்திய அரசு தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின் நிலைமை மாறியது. பிரிட்டனிலிருந்து விமானங்கள் வந்து சேரும் என்ற நம்பிக்கை தளர்ந்த நிலையில், வால்சந்தின் திட்டத்துக்கு அரசு இசைந்தது.

மைசூர் அளித்த 700 ஏக்கர்

தொழிற்சாலைக்கான இடத்தைத் தேர்வதில் பழைய தொடர்பு ஒன்று கைகொடுத்தது. மைசூரின் முன்னாள் திவான் விஸ்வேசுவரய்யா வகுத்த மோட்டார் கார் திட்டத்தில் வால்சந்த் முன்பே ஈடுபட்டிருந்தார். அதனைப் பெங்களூருவில் நிறைவேற்ற மைசூர் அரசு ஆதரவளிக்க முன்வந்தும், ஆங்கிலேய அரசின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. ஆனால் அதன் வழியாகத் திவான் மிர்சா இஸ்மாயிலுடன் ஏற்பட்ட பழக்கம் நீடித்தது.

விமானத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது மிர்சா இஸ்மாயில் விரைந்து செயல்பட்டார். 700 ஏக்கர் நிலத்தை இலவசமாக அளித்ததுடன், மலிவான மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வழி செய்தார். சமஸ்தானத்தின் சார்பில் 25 லட்சம் ரூபாய் முதலீடும் உறுதியானது. 1902 முதல் சிவசமுத்திரத்தில் மின் உற்பத்தி செய்துவந்த மைசூருக்கு மின்சாரம் தருவது பெரும் சுமையன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலமாகி, ஜெயசாமராஜ உடையார் அரியணை ஏறிய இடைக்காலத்திலும் பணிகள் தடைபடவில்லை.

மும்பைத் தொழிலதிபர்கள் துளசிதாஸ் கிலாசந்த், தரம்சி முல்ராஜ் கடாவ் ஆகியோர் வால்சந்துடன் இணைந்தனர். துளசிதாஸ், 1919இல் கப்பல் வாங்கத் துணைநின்ற கிலாசந்த் தேவ்சந்தின் மகன். தந்தையுடன் கொண்ட நட்பு மகனுடன் தொழில் கூட்டாக வளர்ந்தது. இவ்வாறு 'இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட்' உருவானது. 1941 மார்ச்சில் இந்திய அரசும் 25 லட்சம் ரூபாய் செலுத்திப் பங்குதாரரானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹார்லோ ரகப் பயிற்சி விமானம் பெங்களூருவில் பறந்தது.

16 மாதங்களில் கைமாறிய ஆலை

வெற்றி நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் குண்டுகள் விழுந்தன. அங்கே வால்சந்தின் கப்பல் கட்டும் தளத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. விமானத் தொழிற்சாலையைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க விரும்பிய இந்திய அரசு, அதே ஏப்ரலில் வால்சந்த் தரப்பின் பங்குகளை வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு பங்குதாரராக நீடித்தபோதிலும் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியது. 1943இல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் பொறுப்பில் ஆலை பழுதுபார்க்கும் தளமாயிற்று.

தொடர்புகளால் நிலமும் முதலும் தொழில்நுட்பமும் திரட்ட முடிந்த வால்சந்தால், அந்நிய ஆட்சியில் உரிமையை மட்டும் காத்துக்கொள்ள முடியவில்லை. எனினும் அவர் ஓயவில்லை. பெங்களூருவில் நிறைவேறாத கார் தொழிற்சாலையை 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்ற பெயரில் மும்பையில் நிறுவினார். விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட 'ஜல உஷா' கப்பலை 1948 மார்ச்சில் பிரதமர் நேரு நீரில் இறக்கினார்.

பெங்களூருவில் அவர் ஊன்றிய விதை வேறு வகையில் வளர்ந்தது. 1942 டிசம்பரில் இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. அத்துறையை வழிநடத்திய வி.எம். காட்கே பின்னர் தொழிற்சாலையில் இணைந்து, இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட எச்.டி-2 பயிற்சி விமானத்தை உருவாக்கினார். 1951 ஆகஸ்டில் அது பறந்தபோது, 1949இல் பக்கவாதத்தால் தாக்குண்ட வால்சந்த் தொழில் பொறுப்புகளிலிருந்து விலகியிருந்தார்.

அவர் 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி குஜராத்தின் சித்பூரில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனம் 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஏரோநாட்டிக்ஸ் இந்தியா நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்துக்கு 2024 அக்டோபரில் மகாரத்னா தகுதி வழங்கப்பட்டது.