கடல் நீந்திய மிகிர் சென்

பழவேற்காட்டு ஏரிக்கரையிற் பிறந்த எம்போலியர்க்கு நீர் அச்சந் தருவதன்று. ஏரி பெரும்பாலும் ஆழமற்றது. ஆதலின் நடை பயிலும் பருவத்திலேயே சிறுவர் அதனுள் இறங்கிவிடுவர். கோலூன்றிப் படகு செலுத்துதலும், வலையிழுத்தலும், முகத்துவாரத்து நீரோட்டத்தை எதிர்த்து நீந்துதலும் எம்மவர்க்கு அன்றாடத் தொழில்கள். ஆயினும், எம்மூர் இளைஞர் நீச்சற் பந்தயத்திற்குச் சென்றால், பாதித் தூரம் வரை முன்னே சென்று, பின்னர் மூச்சிரைத்துப் பின்தங்குதலை யான் பன்முறை கண்டுளேன். வலிமைக்குக் குறைவில்லை, முறையான பயிற்சியே இல்லை. இக்குறையை எண்ணுந்தோறும் என் நினைவிற்கு வருபவர் மிகிர் சென் என்னும் வங்காளப் பெரியார்.

அவர் 1930-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் புருலியாவில் ஒரு மருத்துவர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையைக் கட்டாக்கில் கழித்தார். குடும்பம் செல்வமுடையதன்று, அன்னையார் பாலும் முட்டையும் விற்று மகனைப் படிக்கவைத்தார். உத்கல் பல்கலைக் கழகத்திற் சட்டம் பயின்று தேறிய மிகிர், பிஜு பட்நாயக் அவர்களின் உதவியால் 1950-ல் இங்கிலாந்து சென்றார். அங்கே சில காலம் இரவில் இரயில் நிலையத்திற் சுமை தூக்கினார். பின்னர் இந்தியா ஹவுஸில் அலுவல் பெற்றார். இவற்றினூடே லிங்கன்ஸ் இன்னிற் படித்து, 1954-ல் பாரிஸ்டர் பட்டமும் அடைந்தார்.

அந்நாட்களில் பிளாரன்ஸ் சாட்விக் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியை அவர் ஒரு பத்திரிகையிற் படித்தார். இந்தியன் ஒருவனும் அவ்வாறு கடத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் மூண்டது. ஆனால் அவரோ நீச்சலிற் பழக்கமே மிகக் குறைந்தவர். இந்நிலையில் அவர் முதலிற் கடலுக்கு ஓடவில்லை. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்து நீச்சற் குளத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். வழக்கறிஞர் தொழிலுக்குப் படித்த ஒருவர், சிறு பிள்ளைகள் கற்கும் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கற்றார். கைகளை மாறி மாறி வீசி நீரைப் பின்தள்ளும் முன்னீச்சலைச் செவ்வையாகப் பயிலும் வரை அவர் அக்குளத்தை விடவில்லை.

இஃது எளிய செயலெனத் தோன்றலாம். நெடுந்தூர நீச்சலின் உயிர்நிலை இதுவே. தலையை மிகத் தூக்கின் கால்கள் தாழும். தாழ்ந்த உடலை இழுக்கப் பெருவலி செலவாகும். மூச்சை நீருள் முழுதும் விடாதவன் விரைவில் திணறுவான். நூறு வீச்சில் தோன்றாத பிழை பதினாயிரம் வீச்சிற் பெருந்தளர்ச்சியாகும். உடலுரமும் ஒரு நாளில் வருவதன்று. மிதமான வேகத்தில் நெடுநேரம் பயின்று, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், இதயம் வலுப்பெற்று ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தைச் செலுத்தும். தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். தொடக்கத்திலேயே விரைபவன் இப்பயனை இழப்பான்.

ஆங்கிலக் கால்வாய் மிகக் குறுகிய இடத்திலும் சுமார் 33 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் நீர் கோடையிலும் குளிர்ந்தது. அலைவாய் நீரோட்டமோ நீந்துவோரைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். துணைப்படகைத் தொடுதலும் விதிக்குப் புறம்பு. மிகிர் சென் பன்முறை முயன்று தோற்றார். தோல்விதோறும் மீண்டும் பயிற்சிக்கே திரும்பினார். முடிவில் 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், 14 மணி 45 நிமிடத்தில் அதனைக் கடந்து, அவ்வருஞ்செயல் புரிந்த முதல் இந்தியர் ஆயினார். அடுத்த ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

பின்னர் 1966-ல் அவர் நம் தென்கடலுக்கு வந்தார். பாக் நீரிணையை 1954-ல் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி நீந்திக் கடந்திருந்தார். மிகிர் சென் ஏப்ரல் 5, 6 ஆகிய நாட்களில், கடற்படைக் கப்பல்கள் துணைவரத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 25 மணி 36 நிமிடம் நீந்தினார். புயலாற் பாழ்பட்டு இரண்டாண்டும் நிரம்பாத அக்கரையில் அவர் கால் ஊன்றினார். அவ்வாண்டிலேயே ஜிப்ரால்ட்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளையும் பனாமாக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். பனாமாவில் மட்டும் 34 மணி 15 நிமிடம் ஆயிற்று. 1967-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

பிற்காலம் அவர்க்கு இனிதாக அமையவில்லை. வாணிகம் நலிந்தது, நோய் நினைவைக் கவர்ந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில், 66-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் கடந்த கடல்களையே மறந்து போன அம்மனிதரை நினைக்க நெஞ்சம் கனக்கின்றது. அவர் மறந்தவற்றை நாமேனும் மறவாதிருத்தல் கடனன்றோ?

நண்பர்காள்! நீரருகே பிறந்தும் நாம் பாதி வழியில் தளர்கின்றோம். நீச்சலறியாது வளர்ந்தவர் கடல்களைக் கடந்தார். இவ்வேற்றுமைக்குக் காரணம் பிறப்பன்று. முதற்பாடத்தைக் கற்க அவர் நாணவில்லை. அதனைத் திரும்பத் திரும்பச் செய்யச் சலிக்கவுமில்லை. விளையாட்டிற்கும் கல்விக்கும் இஃதொன்றே வழி. விடுமுறையில் ஊர் திரும்பியதும், எம் ஏரிக்கரைச் சிறுவர்க்கு மூச்சு விடும் முறையை முதலிற் கற்பிக்க எண்ணியுள்ளேன். அதற்கு முன்னர் யானும் அதனைச் செவ்வையாகக் கற்றாகவேண்டும்.