நிபந்தனை வைக்காத ஜாயா

தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் சுதந்திரம் பெற்ற கதையை ஒவ்வொரு வருடமும் நான் கற்பிக்கிறேன். அதில் ரி.பி. ஜாயாவுக்குக் கிடைக்கும் இடம் சொற்பம். பெயர் வரும், முஸ்லிம் தலைவர் என்று வரும், அத்தோடு பாடம் அடுத்தவரிடம் போய்விடும். பிள்ளைகளும் அடிக்கோடிட்டுவிட்டுத் தாண்டிவிடுவார்கள்.

கடந்த வருடம் ஒரு மாணவி தாண்டவில்லை. 1945இல் ஜாயா எந்த நிபந்தனையும் வைக்காமல் சுதந்திரக் கோரிக்கைக்கு ஆதரவளித்தார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்தாள். அன்று நிபந்தனை வைத்திருந்தால் நமக்கு இந்த நிலைமை வந்திருக்குமா ஸேர் என்று கேட்டாள். 2020இல் எரிக்கப்பட்ட ஜனாஸாக்களில் அவளுடைய உம்மம்மாவின் ஜனாஸாவும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். மணி அடித்தது. அதைச் சாட்டாக வைத்துப் பதில் சொல்லாமல் வகுப்பை விட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி முதலாம் திகதி கண்டி மாவட்டத்தின் கலகெதரயில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். அன்று முகத்துவாரத்தில் இருந்த சென் தோமஸ் கல்லூரியில் படித்தார். பிறகு ஆசிரியரானார். ஆரம்பத்தில் அவர் கற்பித்த பாடசாலைகளைப் பாருங்கள்: கண்டி தர்மராஜ, மொரட்டுவ பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், கொழும்பு ஆனந்த. மூன்றுமே முஸ்லிம் பாடசாலைகள் அல்ல. தர்மராஜவும் ஆனந்தவும் பௌத்த மறுமலர்ச்சியின் கோட்டைகள். அங்கே ஒரு முஸ்லிம் ஆசிரியர், சிங்களப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விரிவுரையாளர் இந்த விஷயத்தை அடிக்கடி நினைவூட்டுவார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனது முதல் நியமனம் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கிடைத்து, ஆசிரியர் அறையில் நான் ஒருவன் மட்டும் முஸ்லிமாக உட்கார்ந்திருந்த முதல் வாரத்தில்தான் விளங்கியது. அடுத்த சமூகத்துப் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுவதிலிருந்தே அங்கே வேலை தொடங்குகிறது. ஜாயாவின் பிற்கால அரசியலை நான் அந்த ஆசிரியர் அறைகளிலிருந்தே வாசிக்கிறேன். 

1921இல் அவர் மருதானை ஸாஹிராவின் அதிபரானார். சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் ஒராபி பாஷாவும் உழைத்து 1892இல் உருவான அந்த மத்ரஸா, 1913இல் ஸாஹிரா என்ற பெயரைப் பெற்றிருந்தாலும், ஜாயா வரும்போது இன்னும் ஒரு சிறிய பாடசாலைதான். 1948இல் ஏ.எம்.ஏ. அஸீஸிடம் ஒப்படைத்துவிட்டு அவர் போகும்போது அது நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்று. இடையில் அளுத்கம, கம்பளை, மாத்தளை, புத்தளம் என்று வெளியூர்களிலும் ஸாஹிராக்கள் எழுந்தன. இருபத்தேழு வருடங்கள் ஒரே நாற்காலி. இன்று ஐந்து வருடம் ஒரு பாடசாலையில் தாக்குப்பிடிக்கும் அதிபரைக் கண்டால் நாங்கள் ஆச்சரியப்படுகிறோம்.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டேதான் அவர் அரசியலும் செய்தார். 1924இல் சட்டநிரூபண சபைக்கு முஸ்லிம்களுக்கென மூன்று ஆசனங்கள் இருந்தன. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு முஸ்லிம் வாக்காளர் மட்டும் வாக்களித்தார்கள். எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர் ஆகியோருடன் ஜாயாவும் தெரிவானார். வாக்காளரில் பெரும்பான்மை சோனகர், தெரிவானவர் மலாய்க்காரர். ஊர்வாதமும் பிரதேசவாதமும் பேசி வாக்குக் கேட்கும் இன்றைய நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

1928இல் டொனமூர் அறிக்கை வந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துவிட்டுப் பிரதேசத் தொகுதிகளையும் சர்வசன வாக்குரிமையையும் அது சிபாரிசு செய்தது. என் மாணவி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. அன்றைய ஜாயா அந்த ஒழிப்பை எதிர்த்தவர். இனவாரி முறையை எதிர்ப்பவராகவே தாம் சபைக்குள் வந்ததாகவும், உள்ளே கண்ட கசப்பான அனுபவம் தமது எண்ணத்தை மாற்றிவிட்டதாகவும் அவர் அங்கே பேசினார். ஆக, பெரும்பான்மையை எதையும் யோசிக்காமல் நம்பிவிட்ட அப்பாவி என்று அவரை நினைக்க முடியாது. சிறுபான்மையின் அச்சம் என்னவென்று நன்றாகத் தெரிந்த மனிதர்.

அந்த அச்சம் பொய்யும் அல்ல. 1931 தேர்தலில் நாடு முழுவதிலும் தெரிவான ஒரே முஸ்லிம், மட்டக்களப்பு தெற்கில் வென்ற மாக்கான் மாக்கார். 1936 பொதுத் தேர்தலில் அதுவும் இல்லை. ஆளுநரின் நியமனத்தால்தான் ஜாயாவும் ராஸிக் பரீதும் அரசாங்க சபைக்குள் வந்தார்கள்.

இனி 1945. சோல்பரி ஆணைக்குழு இலங்கையில் இருக்கிறது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை அதன் முன் வைக்கிறார். அதே காலத்தில் அரசாங்க சபையில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஸ்ரீ லங்கா சட்டமூலத்தைக் கொண்டுவருகிறார். டொமினியன் அந்தஸ்துள்ள சுதந்திர நாடு என்பதே அதன் கோரிக்கை. முஸ்லிம் உறுப்பினர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது முக்கியமாக இருந்தது. ஏனென்றால் காலனித்துவ நாடுகளுக்கு லண்டன் வழமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. முதலில் உங்களுக்குள் ஒற்றுமைப்பட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம். இந்தியாவிலும் அந்தப் பதில்தான். முஸ்லிம் உறுப்பினர்கள் ஒரு நிபந்தனையைக் கையில் எடுத்திருந்தால், கொழும்புக்கும் அதே பதிலைச் சொல்ல வெள்ளையருக்கு ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும்.

ஜாயா அந்தச் சாட்டைக் கொடுக்கவில்லை. தமது சமூகத்துக்குக் குறைகளும் கோரிக்கைகளும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நாட்டின் அரசியல் விடுதலை என்று வரும்போது, தமக்கு அவசியமாகத் தோன்றும் அனுகூலங்களைக்கூட விட்டுக்கொடுக்க முஸ்லிம்கள் தயார் என்பதே அவரது உரையின் சாரம். பண்டாரநாயக்க அந்த உரையைப் பாராட்டினார். அந்த வருடம் நவம்பரில் டி.எஸ். சேனாநாயக்க சோல்பரி அடிப்படையிலான வெள்ளை அறிக்கையை ஏற்கும்படி பிரேரணை கொண்டுவந்தார். 51 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. முஸ்லிம்கள் பிரிந்து நிற்கவில்லை. ஜாயாவின் முன்னோர் வந்த ஜாவாவில், அதே நவம்பரில் சுரபாயா நகரத் தெருக்களில் பிரித்தானியப் படைகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது.

இங்கே எனக்கே ஒரு சங்கடம் இருக்கிறது. சமூகத்தின் சார்பில் இவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பைச் சொன்னவர் அப்போது மக்கள் வாக்கால் வந்தவர் அல்ல, நியமன உறுப்பினர். அவருக்கு அந்த உரிமை இருந்ததா? இதற்கு 1947இல் பதில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். நியமன ஆசனத்துக்குக் காத்திராமல் மூன்று அங்கத்தவர் தொகுதியான மத்திய கொழும்பில் போட்டியிட்டார். ஏ.ஈ. குணசிங்கவும் பீற்றர் கெனமனும் நின்ற களம் அது. அவர்களோடு ஜாயாவும் வென்றார். அப்படிப்பட்ட பல அங்கத்தவர் தொகுதிகளை வகுக்க இடம் வைத்தது சோல்பரி யாப்பு. வாக்காளர் தமக்குள்ள வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே போடலாம். ஒரு சமூகத்தைப் பாதிக்கும் பாரபட்சமான சட்டங்களைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்ற 29ஆம் பிரிவும் அதே யாப்பில் இருந்தது. கையில் எந்தக் காப்பும் இல்லாமல் ஜாயா ஆதரவு கொடுத்தார் என்று சொல்வது சரியல்ல.

டி.எஸ். சேனாநாயக்கவின் முதல் அமைச்சரவையில் அவர் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். பதவிக்காகத்தான் ஆதரவு கொடுத்தார் என்று சொல்வோர் அன்றும் இருந்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்த அமைச்சரவையில் அவர் இருந்த காலத்தை மௌனமாகக் கடந்துபோகவும் எனக்கு மனமில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கின. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்த மக்களால் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. சி. சுந்தரலிங்கம் இந்த விவகாரத்தில் அரசாங்கத்தோடு முரண்பட்டு அமைச்சுப் பதவியை விட்டார். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்துக்குப் பொறுப்பான தொழில் அமைச்சர் ஜாயா, அமைச்சரவையிலேயே இருந்தார். 29ஆம் பிரிவு அந்த மக்களைக் காப்பாற்றவில்லை. வழக்கு பிரிவுக் கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1972 குடியரசு யாப்பில் அந்தப் பிரிவே காணாமல் போனது. என் முதல் பாடசாலையில் நான் கற்பித்த பிள்ளைகளின் பாட்டன்மார் அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதி அலைந்தவர்கள். ஜாயாவை நேசிக்கும் எனக்கு இது இன்னும் நோகிறது.

1950இல் அவர் அமைச்சைத் துறந்து பாகிஸ்தானுக்கான இலங்கை உயர்ஸ்தானிகராகக் கராச்சி சென்றார். அது புதிதாகப் பிறந்த இரு நாடுகளின் உறவு. அங்கே அவர் இலங்கை நாட்டவராகவே போனார்.

2020 ஒக்டோபரில், ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்சியில் இருந்த நம்மவர்களில் சிலர் 20ஆவது திருத்தத்துக்குக் கையுயர்த்தினார்கள். அதற்குப் பின் என்ன நிபந்தனை பேசப்பட்டது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஜனாஸாக்களை அடக்க அனுமதி வர அடுத்த வருடம் பெப்ரவரி ஆனது. இதை நான் அந்த மாணவியிடம் பிறகு ஒருநாள் சொன்னேன். ஜாயா கேட்காமல் விட்டதை எல்லோருக்கும் தெரியும்படி ஹன்ஸாட்டில் பதியும் குரலில் விட்டார், ஏன் விடுகிறார் என்றும் சொன்னார், அடுத்த தேர்தலில் அதே மக்கள் முன் போய் நின்றார் என்றேன். மலையக மக்கள் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அவர் செய்தது சரியா பிழையா என்று மறுபடியும் கேட்டாள். சுதந்திர விஷயத்தில் சரி, பிரஜாவுரிமை விஷயத்தில் பிழை என்றேன். பரீட்சையில் அப்படி எழுதலாமா என்று கேட்டாள். காரணத்தோடு எழுதினால் புள்ளி உண்டு என்றேன்.

ஜாயா 1960 மே 31ஆம் திகதி, ஹஜ் பயணத்தின்போது மதீனாவில் வஃபாத்தானார். ஜன்னத்துல் பகீஃயில் அடக்கப்பட்டார். சில வருடங்களுக்கு முன் உம்ராவுக்குப் போனபோது ஒரு சுப்ஹுக்குப் பின் அங்கே உள்ளே சென்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணும் கல்லும்தான், எந்தக் கப்றிலும் பெயர் இல்லை. எந்தப் பக்கம் என்று தெரியாமலே அவருக்கும் சேர்த்து ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.