கான் சாஹிபும் மதுரையில் அவர் பெற்ற பெயரும்



நுபுவ்வத்துக்கு முன்பே நம் நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்து மக்கள் அல்அமீன் என்றார்கள். எதிரிகளும் தங்கள் பொருளை அவர்களிடமே அமானிதமாக வைத்தார்கள். செய்யும் வேலையில் கிடைக்கும் பெயர் அப்படிப்பட்டது.

1755இல் கர்னல் ஹெரான் என்ற கும்பினி அதிகாரி திருவாதவூருக்குப் பக்கத்துத் திருமோகூர்க் கோயில் சிலைகளைக் கொள்ளையடித்தார். நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவற்றை மீட்டார்கள். பிறகு விசாரணையில் ஹெரானின் பதவி போனது.

அதே படையில் சிப்பாய்களை நடத்தி வந்தவர் யூசுப்கான். பிறப்பில் மருதநாயகம், ராமநாதபுரம் சீமை பனையூர்க்காரர். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு அவர் கைக்கு வந்தன. கண்மாய்களைப் பழுதுபார்த்தார், நெசவாளர்களை ஆதரித்தார். நின்றுபோயிருந்த மீனாட்சியம்மன் கோயில் வருமானத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். யோசித்துப் பாருங்கள், தொழுகையாளியான ஒரு முஸ்லிமை நம்பி கோயில்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள்! ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்களை அவர் ஈவிரக்கமின்றி அடக்கினார். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அவர் செல்வாக்கு வளர்ந்தது ஆற்காடு நவாபுக்குப் பொறுக்கவில்லை. கும்பினியும் நவாபும் சேர்ந்து 1763இல் மதுரையை முற்றுகையிட்டார்கள். கோட்டையைப் பீரங்கியால் பிடிக்க முடியவில்லை. கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள்.

அவருடைய நிர்வாகத்தைப் புகழ்ந்து எழுதிவைத்தவர்களில் அவரை வீழ்த்திய ஆங்கிலேயர்களும் உண்டு. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. மதுரைக்குள் கான்சா மேட்டுத் தெரு என்று இன்றும் மக்கள் சொல்கிறார்கள்.