ஒற்றைக் கையோடு கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கிய மேஜர்!
வீக் எண்டுல ட்ரெக்கிங் போற ஆளா நீங்க? அப்போ, பாறையில் பிடி கிடைக்காமல் ஒரு நொடி நெஞ்சு படபடத்த அனுபவம் நிச்சயம் இருக்கும். அந்த நொடியில் உங்களுக்கு ஒரே ஒரு கைதான் இருந்தால்?

ஜான் வெஸ்லி பாவெலுக்கு அப்படித்தான் இருந்தது. 1834-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-ல் ஷைலோ சண்டையில் குண்டு பாய்ந்து, வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேற யாரா இருந்தாலும் வீட்டோடு இருந்திருப்பாங்க. இவர் மறுபடி போர்முனைக்கே போனார். போர் முடிந்ததும் நிலவியல் பேராசிரியர் ஆனார்.

1869 மே 24. வயோமிங்கில், கிரீன் நதியில் 4 படகுகள் கிளம்பின. பாவெலோடு சேர்த்து 10 பேர், 10 மாதத்துக்கான உணவு. கொலராடோ நதி குடைந்த அந்தப் பள்ளத்தாக்குகள் அப்போது வரைபடத்தில் வெறும் வெற்றிடம். இரண்டே வாரத்தில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. அதிலிருந்த சாப்பாடும் போச்சு.

உயரத்தை அளக்க பாரோமீட்டரோடு செங்குத்துப் பாறைகளில் ஏறுவது பாவெலின் வழக்கம். ஒருநாள் பாதியில் மாட்டிக்கொண்டார். மேலேயும் போக முடியலை, கீழேயும் இறங்க முடியலை. இடது கையை விட்டால் மரணம். கூட வந்த பிராட்லி மேலே ஏறிவிட்டார். ஆனால், கயிறு இல்லை. சட்டென்று தன் நீளமான உள்காற்சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார். யோசிச்சுப் பாருங்க... அதைப் பிடிக்கணும்னா, பாறையைப் பிடித்திருக்கும் அந்த ஒரே கையை விடணும். பாவெல் விட்டார், பிடித்தார், பிழைத்தார்.

ஆகஸ்ட் 28. பூசணம் பிடித்த மாவும் காபியும்தான் மிச்சம். எதிரே பயங்கரமான நீர்ச்சரிவு. மூன்று பேர் இனி முடியாதென்று பாறை ஏறி வெளியேறினார்கள், வழியிலேயே கொல்லப்பட்டார்கள். ஆற்றை நம்பிய ஆறு பேர் இரண்டே நாளில் கரை சேர்ந்தார்கள்.

பிற்காலத்தில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநரான பாவெல், மேற்கின் வறண்ட நிலம் முழுவதற்கும் தண்ணீர் போதாதென எச்சரித்தார். யாரும் கேட்கலை. 1902-ல் மறைந்தார். அவர் பெயர் சூட்டிய கிளென் கேன்யனை, இன்று ஓர் அணையின் நீர்த்தேக்கம் மூழ்கடித்திருக்கிறது. அதன் பெயர்? லேக் பாவெல்!

அடுத்த முறை பாறை ஏறும்போது மறக்காம கயிறு எடுத்துக்கோங்க. நம்பிக் கையை விடுற மாதிரி ஓர் ஆளையும் கூட்டிட்டுப் போங்க!