தோட்டத் தொழிலாளருக்காக வாதாடிய கோ. நடேசய்யர்

லயம், கங்காணி, கொழுந்து, பெரட்டு என்னும் சொற்களுக்கு நம் பங்கில் யாரும் அகராதியைப் புரட்டவேண்டியதில்லை. போடிமெட்டு ஏறி ஏலக்காட்டிலும், அதற்கப்பால் மூணாறு தேயிலைக் காட்டிலும் உழைத்தவர்கள் இல்லாத வீடு நம்மில் குறைவு. நம் மூதாதையர் மலையேறிய அந்தக் காலத்திலேயே, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து இன்னும் பெருந்திரளான மக்கள் கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுக்காக வாதாடியவர் கோதண்டராம நடேசய்யர்.

அவர் 1887-ம் ஆண்டு தஞ்சை ஜில்லாவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கூலிக்காரர் லயத்துக்குள் கால் வைக்க வேண்டிய அவசியம் அவருக்குக் கிஞ்சித்தும் இல்லை. ஆயினும் இலங்கைக்குப் போன ஐயர், தோட்டத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க விரும்பினார். அது லேசான காரியமன்று. தோட்டம் துரையின் சொந்த நிலம். அனுமதியில்லாமல் நுழைகிறவன்மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போடலாம். ஆகவே ஐயர் துணி வியாபாரி வேஷத்தில் துணிமூட்டையோடு உள்ளே போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

உள்ளே அவர் கண்டது என்ன? ஊரில் ஆள் திரட்டிய கங்காணியே தோட்டத்தில் மேஸ்திரி, அவனே கடன்காரன். ரயில் சத்தம், கப்பல் சத்தம், வழிச் சாப்பாடு, ஒரு கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் அந்தப் பெயர். புதிய தோட்டத்தார் அந்தத் தொகையைக் கட்டினால் ஆள் கைமாறுவான், கடனும் அவனோடு கூடவே போகும். மாடு விற்கும் சந்தையில்கூட மாட்டின்மேல் கடன் இராது!

தினம் வேலைக்கு வருகிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ‘தலைக்காசு’ உண்டு. ஆகையால் காய்ச்சல்காரனையும் பிள்ளைகளையும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிறுத்துவதில் அவனுக்கு லாபம். தாய் கொழுந்து பறிக்க, அவள் பிள்ளை பக்கத்து நிரையில் புல் வெட்டும்.

கூலியாட்களுக்குச் சங்கம் வேண்டும் என்பது ஐயருக்கு மட்டும் தோன்றிய எண்ணமல்ல. அவர் நாலு வயதுப் பாலகனாயிருந்த 1891-லேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், சங்கம் கூடுவது தொழிலாளரின் உரிமை என்றும், வளராத பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பலாகாது என்றும் நிருபம் எழுதியிருந்தார். இலங்கையிலும் ஸர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றை அமைத்திருந்தார். துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தபோது அந்தப் புகழ் பலருக்கும் உரியதாயிருந்தது. சட்டம் ஏட்டில் வந்தாலும் லயத்துக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பதை அறிந்தவர் ஐயர். அதே 1921-ல் கொழும்பில் ‘தேச நேசன்’ பத்திரிகையிலும், பின்பு ‘தேசபக்தன்’ பத்திரிகையிலும் தோட்டங்களின் சங்கதிகளை அச்சிலேற்றினார். 1925-ல் சட்டசபை அங்கத்தினரானார்.

சில காலம் ஏ. ஈ. குணசிங்கா என்ற சிங்களத் தலைவரோடு சேர்ந்து கொழும்புத் தொழிற்சங்கத்தில் உழைத்தார். குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு விரோதமாகத் திரும்பவே அந்த நட்பு முறிந்தது. பொதுவாக ஐயர் எவரோடும் நெடுங்காலம் ஒத்துப்போகிற சுபாவமுள்ளவரல்லர். அது அவருக்குப் பலமா, பலவீனமா? இரண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

1927-ம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929-ல் குறைந்தபட்சக் கூலி அமுலுக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அந்த மூன்றாவது எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பாதே என்று சொல்ல வேண்டிய சர்க்காரே அதற்கு விலை குறித்துவிட்டது. சிறிது காலத்தில் உலகெங்கும் வியாபாரம் மந்தமாகித் தேயிலை விலை விழுந்தவுடன் அந்தக் கூலியிலும் கைவைத்தார்கள்.

இந்தக் கஷ்ட காலத்தில்தான், 1931-ல், ஐயர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்ட மக்களுக்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. துரைமாரும் பெரிய கங்காணிமாரும் ஒருங்கே எதிர்த்தார்கள். கூட்டத்துக்குப் போனவனுக்கு மறுநாள் வேலை உண்டா என்பது சந்தேகம். எழுத்தறியாத அந்த ஜனங்களுக்குப் பத்திரிகை எட்டாது. அங்கே ஐயரின் மனைவி மீனாட்சி அம்மாள் கைகொடுத்தார். தாமே பாட்டுக் கட்டி மேடையில் பாடினார். கட்டுரையில் விளங்காத கூலிக் கணக்கு பாட்டில் விளங்கிற்று. பெண்கள் பொதுமேடை ஏறத் தயங்கிய காலம் அது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1936-ல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். வயது வந்த எல்லோருக்கும் 1931-ல் வந்த வாக்குரிமையால், கொழுந்து பறித்த கைகளும் அதில் வாக்களித்தன. 1939-ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கத்தின் பின்னால் மக்கள் திரளவே, ஐயரின் சம்மேளனம் மெலிந்தது. 1947-ம் ஆண்டு அவர் காலமானார்.

அடுத்த ஆண்டே இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. இங்கே நம் மலைகளுக்கோ 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையைத் தோட்ட வேலையில் வைக்கலாகாது என்று அது விதித்தது. அக்கரையில் 1964-ம் ஆண்டு ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியா திரும்பினார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003-ல்தான் சட்டம் பிறந்தது.