இலக்கண ஆசிரியர் லிண்ட்லி மரே

ஆங்கில இலக்கணப் பரீட்சை முடிந்த நாளில், மண்டபத்தின் வெளித் தாழ்வாரத்திலே காணப்படும் காட்சி நம் கலாசாலையில் வாசித்தோர் அனைவரும் அறிந்ததே. வினாத்தாளைக் கையில் ஏந்திய மாணாக்கர் கூட்டங் கூட்டமாய் நின்று, ஒருவர் விடையை மற்றொருவர் விடையோடு ஒத்துப் பார்ப்பர். ஒத்த இடத்தில் மகிழ்ச்சியும், ஒவ்வாத இடத்தில் கலக்கமும் முகத்திலே தோன்றும். அத்தகைய ஒரு நாளில் நம் தோழர் இருவருக்குள் வழக்கு உண்டாயிற்று. கமிட்டி என்னும் சொல்லை எழுவாயாகவுடைய ஒரு வாக்கியத்திற்கு ஒருவர் ஒருமை வினை எழுதியிருந்தார்; மற்றவர் பன்மை வினை எழுதியிருந்தார். வகுப்பில் முதல்வராய் விளங்கிய மாணாக்கரிடம் வழக்குச் சென்றது. அவர் ஒருமையே சரி என்றார். வழக்கு அத்துடன் தீர்ந்தது. ஏன் என்று அவரை ஒருவரும் கேட்டிலர், நாமும் கேட்டிலோம்.

அந்தக் கேளாமை நம் உள்ளத்தை நெடுநாள் உறுத்திக் கொண்டிருந்தது. விடைகளை ஒத்துப் பார்க்கும் பழக்கத்திற்கென்றே ஒரு நூல் வகுத்த பெரியார் ஒருவரின் சரிதத்தைப் படித்த பின்னரே அவ்வுறுத்தல் ஒருவாறு தெளிந்தது. அவரே ஆங்கில இலக்கணத்தின் தந்தை எனப் பலராலும் போற்றப்பெற்ற லிண்ட்லி மரே என்பவர்.

மரே 1745ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியாவில் பிறந்தார். அந்நாடு அப்பொழுது ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்தது. அவருடைய பெற்றோர் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தைச் சார்ந்தவர்கள். தந்தையாராகிய ராபர்ட் மரே குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறி, அந்நகரின் பெருவணிகருள் ஒருவராயினார். இன்றும் அந்நகரில் மரே குன்று என வழங்கும் பகுதி அக்குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

தந்தையார் கண்டிப்புமிக்கவர். உத்தரவு பெறாமல் வெளியே சென்றதற்காக ஒருநாள் அவர் மகனைத் தண்டித்தார். சிறுவர் அதனைப் பொறாமல் வீட்டை விட்டு நீங்கி, நியூ ஜெர்சியிலுள்ள பர்லிங்டன் என்னும் ஊருக்குச் சென்று, ஆங்கே ஒரு விடுதிப் பள்ளியிற் சேர்ந்து படிக்கத் தொடங்கினார். வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் பலர். பள்ளிக்கூடத்திற்கு ஓடிய பிள்ளை இவர் ஒருவரே போலும்! பின்னர்ச் சமாதானம் உண்டாகி வீடு திரும்பினார்.

மகன் வணிகராகவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். நியாயவாதியாகவேண்டும் என்பது மகனின் விருப்பம். மரே எதிர்த்துப் பேசாது, தம் காரணங்களை ஒழுங்குற எழுதி முன்வைத்தார். குடும்பத்தின் வழக்கறிஞராகிய பெஞ்சமின் கிஸ்ஸம் அவற்றைக் கண்டு மகன் பக்கம் பேச, தந்தையும் இசைந்தார். கிஸ்ஸமிடம் மரேயுடன் சட்டம் பயின்றவர் ஜான் ஜே என்பவர். இவரே பிற்காலத்தில் ஐக்கிய நாடுகளின் முதல் தலைமை நீதிபதியாயினார். மரே 1767இல் ஹானா டாப்சன் என்னும் நங்கையை மணந்தார்.

1775இல் குடியேற்ற நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. மரே சிலகாலம் லாங் ஐலண்டில் ஒதுங்கியிருந்து, பின்னர் நியூயார்க்குக்குத் திரும்பி, வாணிபத்தால் பெரும்பொருள் ஈட்டினார். நாற்பது வயது நிரம்புமுன்னரே தொழிலை விட்டு இளைப்பாறும் நிலை எய்தினார். ஆயினும் மனிதர் நினைப்பது ஒன்று, நிகழ்வது மற்றொன்று. கடுஞ்சுரம் ஒன்றின் பின் அவருடைய தசைகள் வலியிழக்கத் தொடங்கின. குளிர்ந்த நாடு நலந்தரும் என்னும் மருத்துவர் மொழியை நம்பி, 1784இல் மனைவியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போர்க்காலத்தில் ஆங்கிலேயரோடு செய்த வாணிபமும் அவர் தாய்நாட்டை விட்டு அகலுதற்கு ஒரு காரணம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவதும் உண்டு. எவ்வாறாயினும், அவர் பிறந்த மண்ணை மீண்டும் மிதித்திலர்.

யார்க் நகரத்தை அடுத்த ஹோல்கேட் என்னுமிடத்தில் வீடும் தோட்டமும் வாங்கி வாழ்ந்தார். நோயோ நீங்கவில்லை. முதலில் சில அடிகள் நடந்தார். பின்னர் அதுவும் இயலாதாயிற்று. வண்டியில் உலாவி வருதலும் காலப்போக்கில் நின்றது. நாற்காலியும், எழுதுபலகையும், சாளரத்தின் வழியே தோன்றும் தோட்டமுமே அவருடைய உலகமாயின. நம்மில் எவரேனும் அந்நிலையில் இருப்பின், நம் வாழ்வு முடிந்ததென்று முறையிட்டிருப்போம். மரேயின் வாழ்வோ அந்நாற்காலியிலேதான் தொடங்கிற்று.

யார்க் நகரில் நண்பர் சங்கத்தைச் சார்ந்த எஸ்தர் டியூக் என்னும் அம்மையார் 1785இல் ஒரு பெண்பாடசாலையைத் தோற்றுவித்திருந்தார். அதன் இளம் ஆசிரியைகளுக்கு மரே தம் இல்லத்தில் இலக்கணம் கற்பித்துவந்தார். பாடசாலைக்கேற்ற எளிய நூல் ஒன்று இயற்றித் தருமாறு அவர்கள் வேண்ட, முதலில் தயங்கினாரெனினும், 1795இல் ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். சில மாணவியரின் பொருட்டு எழுதப்பெற்ற அந்நூல், அரை நூற்றாண்டுக்காலம் ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் பிள்ளைகளின் கைந்நூலாயிற்று. அமெரிக்க அச்சகத்தார் அவர் அனுமதியை வேண்டாமலே அதனைப் பதிப்பித்துப் பரப்பினர். 1799இல் அவர் தொகுத்த ஆங்கில வாசகநூலை ஆபிரகாம் லிங்கன் மிகவும் பாராட்டினார் என்று அவருடைய நண்பர் எழுதியுள்ளார்.

நம் வரலாற்றுக்கு இன்றியமையாதது 1797இல் வெளிவந்த மற்றொரு நூற்றொகுதி. பிழைபட்ட வாக்கியங்களை நிரல்படத் தொகுத்துப் பயிற்சிநூல் ஒன்றை மரே வெளியிட்டார். எழுத்துப்பிழை, தொடர்ப்பிழை, நிறுத்தக்குறிப் பிழை, தெளிவின்மை ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதனோடு அவ்வாக்கியங்களின் திருத்திய வடிவங்களைக் கொண்ட விடைநூல் ஒன்றையும் தந்தார். ஆசிரியரின்றித் தனித்துப் படிப்போர் தமக்குத் தாமே ஆசிரியராதற்கென்றே அவ்விடைநூல் அமைந்ததென அதன் முகப்பே கூறுகின்றது. உழைத்துத் திருத்திய பின்னர் ஒத்துப் பார்த்தலே அதன் பயன். தாழ்வாரத்தில் நாம் தோழரிடம் தேடுவதை, தோழருமற்ற ஏழை மாணாக்கன் தன் விளக்கொளியில் தேடுதற்கு மரே வழிசெய்தார்.

அவர்பால் குற்றங்காண்பாரும் உளர். அவருடைய விதிகளிற் பல ராபர்ட் லௌத் என்பவர் 1762இல் வெளியிட்ட இலக்கணத்திலிருந்து எடுக்கப்பெற்றவை. இரண்டு எதிர்மறைகள் சேரின் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என்னும் புகழ்பெற்ற விதியும் அத்தகையதே. தம் நூலிலிருந்தும் எடுத்தாண்டார் என நோவா வெப்ஸ்டர் குறைகூறினார். மரேயும் தம்மை முதலாசிரியராகக் கருதாது தொகுப்பாசிரியராகவே கருதினார். உலக வழக்கை நோக்காது விதியையே வற்புறுத்தினார் என்று இக்கால மொழிநூலார் கூறும் குறையிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவரிடத்து நாம் வியக்கத்தக்க பண்பு ஒன்றுண்டு. பதிப்புத்தோறும் தம் நூலைத் திருத்திக்கொண்டேயிருந்தார். பிறர் சுட்டிய பிழைகளை ஆராய்ந்து ஏற்றார். உலகத்தார்க்கு விடைநூல் தந்தவர், தம் விடையைத் திருத்துதற்கு நாணவில்லை. நூல்களால் வந்த பொருளையும் தருமங்களுக்கே செலவிட்டார்.

இவ்வாறு வாழ்ந்து, மரே 1826இல் ஹோல்கேட்டில் உயிர்நீத்தார். அவர் தோட்டத்திலிருந்த சிறு மண்டபம், அப்பெண்பாடசாலையின் வழிவந்த மௌண்ட் பள்ளியின் வளாகத்தில் பாதுகாக்கப்பெற்றுள்ளது.

இனி, நம் தோழர் இருவரின் வழக்குக்கு வருவோம். கூட்டத்தைக் குறிக்கும் பெயரை எழுவாயாகக் கொள்ளும்போது, ஒருமை பன்மை இரண்டுமே வரலாம் என்பது மரேயின் நான்காம் விதி. ஆனால் எது வரவேண்டும் என்பதைப் பொருளே தீர்மானிக்கும்: கூட்டத்தை ஓருருவாக எண்ணின் ஒருமை, அதன் உறுப்பினரைப் பலராக எண்ணின் பன்மை. ஆகவே அன்று கேட்கவேண்டிய கேள்வி, எவர் விடை சரி என்பதன்று. அவ்வாக்கியத்தில் கமிட்டி ஒன்றாக நின்றதா, பலராக நின்றதா என்பதே. அதை ஒருவர் கேட்டிருப்பின், இருவரும் கற்றிருப்பர். முதல்வராகிய அம்மாணாக்கரும் கற்றிருப்பார்.

நண்பர்களே, அடுத்த பரீட்சை முடிந்ததும் நாம் மீண்டும் அத்தாழ்வாரத்திற் கூடுவோம். விடைகளை ஒத்துப் பார்ப்போம். அஃது இழுக்கன்று. ஆயினும் விடையோடு காரணத்தையும் ஒத்துப் பார்ப்போமாக. காரணம் நம்முடையது தவறாயின், நாற்காலியிலிருந்தே நாற்றிசைக்கும் இலக்கணம் கற்பித்த அம்முதியவரைப்போல, நாணாது திருத்திக்கொள்வோமாக.